``நாலு பேரும் ஒரே மீனையா புடிச்சாங்க?'' - படகு உரிமையாளரின் கேள்வியும், மகள் கண்டுபிடித்த கணினிப் பிழையும்!

மீன்பிடித் தடைக்காலத்தில் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போனால், மீன் வாடையைவிட பெயின்ட் வாடைதான் தூக்கலாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இன்ஜினைப் பிரிப்பது, பலகை மாற்றுவது, வலையைச் சரிபார்ப்பது என்று கரையிலேயே வேலை நடக்கும்.

அந்த மராமத்து வேலைகளைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்த படகு உரிமையாளர், ``வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க தம்பி, வீடு பக்கத்துலதான். வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க'' என்று அழைத்தார். போன இடத்தில் கிடைத்தது வேறு கதை.

அவருடைய மகள் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறார். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப். திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தன. ஐகான் இல்லை, மவுஸ் இல்லை, எல்லாமே தட்டச்சுதான்.

``ஆற்று முகத்துவாரத்துல மணல் சேர்ந்தா அலை எப்படி எழும்புதுன்னு கணக்குப் போடுற புராஜெக்ட் அண்ணா. ஒரே கணக்கை நாலா பிரிச்சு, நாலு புராசஸ் பேசிக்கிட்டே செய்யணும். அப்போதான் சீக்கிரம் முடியும். ஆனா, ஒரு வாரமா முடிய மாட்டேங்குது'' என்றார். பெயர் வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

முகத்துவாரம் என்பது இந்த வீட்டுக்குப் பாடப்புத்தக வார்த்தை அல்ல. அரியாங்குப்பம் ஆற்றின் வாய் வழியாகத்தான் தேங்காய்த்திட்டுப் படகுகள் கடலுக்குப் போய்வர வேண்டும். அங்கே மணல் மேடிட்டால் படகு தரைதட்டும். அலை எகிறினால் கவிழும். மகள் கணக்குப் போடுவது அப்பா தினமும் தாண்டிப் போகும் இடத்தைப் பற்றி.

புரோகிராம் ஓடியது. பிழை எதுவும் காட்டவில்லை. விடையும் சரிதான். ஆனால், அந்த விடை நான்கு முறை வந்தது. நேரமும் குறையவில்லை. ஒரே புராசஸில் 52 விநாடி. நான்கில் 58 விநாடி!

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். ``நாலு பேரு பிரிச்சு வேல செய்யுறாங்கன்னு சொன்ன... நாலு பேரும் ஒரே மீனையா புடிச்சாங்க?''

பிழையின் வால் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. அது புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

64,000 பேர் உட்கார்ந்த கற்பனை அரங்கம்

கடலையோ காற்றையோ கணக்குப் போட வேண்டுமென்றால், அதை முதலில் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது என்ன நிலவரம் என்று தெரிந்தால், அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். அதிலிருந்து அதற்கடுத்த சில நிமிடங்கள். இப்படியே நாளை வரை போகலாம்.

இந்த யோசனையை 1922-ல் புத்தகமாகவே எழுதியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்க்க அவருக்கு ஆறு வாரங்கள் ஆயின. விடையும் தப்பு! ஆனாலும் அவர் விடவில்லை. 64,000 பேர் உட்காரும் ஒரு பெரிய அரங்கத்தைக் கற்பனை செய்தார். ஒவ்வொருவருக்கும் பூமியின் ஒரு துண்டு. அவரவர் துண்டை அவரவர் கணக்கிட வேண்டும். கணக்கிட்ட எண்ணைச் சின்ன விளக்குப் பலகையில் காட்ட வேண்டும். பக்கத்துத் துண்டுக்காரர் அதைப் பார்த்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

அந்தப் பலகைகள்தான் முக்கியம். காற்றும் அலையும் கட்டத்தின் கோட்டோடு நிற்பதில்லை. என் கட்டத்தின் ஓரத்தில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது, பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 64,000 பேர் இருந்தும் ஒருவரோடொருவர் பேசாவிட்டால், விடை வராது.

இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் நடப்பது அடிப்படையில் இதுதான். ஆயிரக்கணக்கான புராசஸ்கள் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். அடுத்தவர் நினைவகத்தில் எட்டிப் பார்க்க முடியாது. எது வேண்டுமானாலும் செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். அப்படிச் செய்தி அனுப்பவும் வாங்கவும் ஏற்படுத்தப்பட்ட பொது விதிமுறையின் பெயர், எம்.பி.ஐ.

1990-களின் தொடக்கம் வரை ஒவ்வொரு கணினி நிறுவனமும் செய்தி அனுப்பத் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. ஒரு கணினிக்கு எழுதிய புரோகிராமை இன்னொன்றில் ஓட்ட, திருத்தி எழுத வேண்டும். 1994-ல் எம்.பி.ஐ-யின் முதல் பதிப்பு வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. லேப்டாப்பில் எழுதிய புரோகிராமை, அப்படியே கம்பைல் செய்து சூப்பர் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம் என்றானது.

``நாங்க போட்டுல வயர்லெஸ்ல பேசிக்குறது மாதிரி'' என்றார் அப்பா, நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு. ``மீன் எங்க கெடைக்குது, காத்து எப்படி இருக்குதுன்னு சொல்லிக்குவோம்.''

இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

கம்பைல் வேறு... லிங்க் வேறு!

மகள் எழுதியிருந்தது சி மொழியில். மனிதர்கள் படிக்கக்கூடிய அந்த எழுத்தைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்ற இரண்டு படிகள்.

முதல் படி, கம்பைல். எழுதியதை எந்திர மொழிக்கு மாற்றுவது. ஆனால், அதில் சில இடங்கள் காலியாக இருக்கும். `செய்தி அனுப்பு' என்று புரோகிராமில் எழுதியிருப்போம். எப்படி அனுப்புவது என்று நாம் எழுதியிருக்க மாட்டோம். அது எம்.பி.ஐ நூலகத்தில் இருக்கிறது.

இரண்டாம் படி, லிங்க். அந்தக் காலி இடங்களை நூலகத்தோடு கோத்துவிடுவது. படகுக் கணக்கில் சொன்னால், கம்பைல் என்பது படகு கட்டுவது. லிங்க் என்பது அதில் வயர்லெஸ் செட்டைப் பொருத்துவது.

இரண்டையும் செய்ய எம்பிஐசிசி என்றொரு கட்டளை இருக்கிறது. (தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே அதன் உச்சரிப்பைத் தந்திருக்கிறேன்.)

எம்பிஐசிசி -சி அலை.சி

இது கம்பைல் மட்டும் செய்து, அலை.ஓ என்ற இடைக்கோப்பைத் தரும்.

எம்பிஐசிசி அலை.ஓ -ஓ அலை -எல்எம்

இது லிங்க். `-ஓ அலை' என்றால், முடிந்த புரோகிராமுக்கு `அலை' என்று பெயர் வை என்று அர்த்தம். கடைசியில் உள்ள `-எல்எம்', வர்க்கமூலம் போன்ற கணித வேலைகளுக்கான நூலகம். இதைக் கோப்புப் பெயருக்குப் பின்னால்தான் எழுத வேண்டும். லிங்க் செய்யும் மென்பொருள் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். என்ன தேவை என்று தெரிவதற்கு முன்பே நூலகத்தைக் காட்டினால், `இப்போது எதுவும் வேண்டாமே' என்று தாண்டிப் போய்விடக்கூடும்.

எம்பிஐரன் -என்பி 4 ./அலை

இது ஓட்டுவது. நான்கு புராசஸ்களாகத் தொடங்கு என்று பொருள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். எம்பிஐசிசி என்பது தனி கம்பைலரே அல்ல. உள்ளே வழக்கமான ஜிசிசி போன்ற ஒரு கம்பைலர்தான் வேலை செய்கிறது. எம்.பி.ஐ-யின் தலைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது, நூலகம் எங்கே இருக்கிறது என்ற முகவரிகளை எல்லாம் நமக்குப் பதிலாக அதனிடம் சொல்லிவிடும் உதவியாளர்தான் எம்பிஐசிசி. என்ன சொல்கிறது என்று பார்க்கவும் முடியும். ஓப்பன் எம்பிஐ என்ற தொகுப்பு என்றால் `எம்பிஐசிசி --ஷோமி' என்றும், எம்பிச் என்ற தொகுப்பு என்றால் `எம்பிஐசிசி -ஷோ' என்றும் தட்டினால், உள்ளே ஓடும் முழுக் கட்டளையும் திரையில் வரும்.

எம்.பி.ஐ என்பது விதிமுறை மட்டுமே. அந்த விதிமுறைப்படி செய்த தொகுப்புகள் பல. ஓப்பன் எம்பிஐ, எம்பிச் இரண்டும் இலவசம்; பலரும் பயன்படுத்துபவை. இரண்டுக்கும் கட்டளைப் பெயர்கள் ஒன்றுதான். வம்பு தொடங்குவதும் இங்கேதான்.

கத்தும் பிழை, கத்தாத பிழை

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே மாணவர்கள் பயப்படுவார்கள். உண்மையில், கத்தும் பிழைகள் நல்லவை. எந்தப் படியில் தடுக்கியது என்று அவையே சொல்லிவிடும்.

`எம்பிஐ.எச் என்ற கோப்பு இல்லை' என்றால், தடுக்கியது கம்பைல் படியில். தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. எம்பிஐசிசிக்குப் பதிலாக நேராக ஜிசிசியைக் கூப்பிட்டிருப்போம். அல்லது மென்பொருள் உருவாக்குவோருக்கான தொகுப்பை நிறுவ மறந்திருப்போம்.

`எம்பிஐ_இனிட்டுக்கு வரையறை இல்லை' என்ற பொருளில் வந்தால், கம்பைல் தாண்டியாயிற்று, லிங்க்கில் நிற்கிறது. படகு தயார், வயர்லெஸ் செட் பொருத்தவில்லை.

`பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை' என்றால், லிங்க்கும் முடிந்துவிட்டது. ஓட்டும் நேரத்தில் நூலகம் இருக்கும் இடம் தெரியவில்லை. `எல்டிடி ./அலை' என்று தட்டினால், புரோகிராம் எந்தெந்த நூலகங்களைத் தேடுகிறது, எது கிடைக்கவில்லை என்று பட்டியல் வரும்.

அந்த மாணவிக்கு வந்தது இவற்றில் எதுவுமே இல்லை. கம்பைல் ஆனது. லிங்க் ஆனது. ஓடியது. கத்தவே இல்லை. அதனால்தான் ஒரு வாரம் போனது.

கண்டுபிடித்தது எப்படி?

அப்பாவின் கேள்விக்குப் பிறகு, அவர் புரோகிராமின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். ஒவ்வொரு புராசஸும் `நான் எத்தனையாவது ஆள், மொத்தம் எத்தனை பேர்' என்று சொல்ல வேண்டும். எம்.பி.ஐ-யில் எண்ணிக்கை 0-வில் தொடங்கும். ஆகவே, `நான் 0, மொத்தம் 4', `நான் 1, மொத்தம் 4' என்று போக வேண்டும்.

திரையில் வந்தது இது.

நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1
நான் 0, மொத்தம் 1

நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ஆனால், ஒவ்வொருவரும் `நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்' என்று நினைத்து, முழுக் கணக்கையும் தனியாகச் செய்திருக்கிறார்கள். நால்வரும் ஒரே மீனைத்தான் பிடித்திருக்கிறார்கள்!

அடுத்து இரண்டு கட்டளைகள். `விச் எம்பிஐசிசி', `விச் எம்பிஐரன்'. இந்தப் பெயரில் நான் கூப்பிட்டால் கணினி எந்தக் கோப்பை எடுக்கிறது என்று காட்டுபவை. முதல் விடை, லினக்ஸின் பொதுக் கோப்புறையைக் காட்டியது. அது ஓப்பன் எம்பிஐ. இரண்டாவது விடை, போன வருடம் பைதான் பாடத்துக்காக நிறுவிய வேறொரு தொகுப்பின் கோப்புறையைக் காட்டியது. அதோடு எம்பிச்சும் சேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது, இவருக்கே தெரியாமல்.

லிங்க் ஆனது ஒரு நூலகத்தோடு. தொடங்கிவைத்தது இன்னொன்றின் எம்பிஐரன். தொடங்கிவைத்தவர் `நீங்கள் நான்கு பேர்' என்று சொன்ன பாஷை, தொடங்கப்பட்டவர்களுக்குப் புரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனி ஆளாக ஓடியிருக்கிறது.

மகள் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். ``சேனல் மாறிப் போச்சு. செட்டு நல்லாத்தான் இருக்கும். நம்ம ஒரு சேனல்ல கத்திக்கினு இருப்போம், அவன் வேற சேனல்ல இருப்பான்.''

கடலில் எல்லோரும் 16-ம் சேனலைக் கவனிக்க வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறார்கள்? ஆபத்து என்றால் கூப்பிட எல்லோருக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

தீர்வு பெரிதல்ல. அந்தப் பைதான் தொகுப்பை நிறுத்திவைத்தார். பழைய .ஓ கோப்புகளை அழித்தார். (ஒரு தொகுப்பின் தலைப்புக் கோப்போடு கம்பைல் ஆனதை இன்னொரு தொகுப்பின் நூலகத்தோடு கோப்பது அடுத்த விபத்து. அதனால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.) மறுபடி கம்பைல், மறுபடி லிங்க், மறுபடி ஓட்டம்.

நான் 2, மொத்தம் 4
நான் 0, மொத்தம் 4
நான் 3, மொத்தம் 4
நான் 1, மொத்தம் 4

வரிசை மாறி வந்ததே என்று கேட்டேன். ``யார் முதல்ல சொல்றாங்களோ அவங்க வரி முதல்ல அண்ணா. அது தப்பில்லை'' என்றார். விடை ஒரே ஒரு முறை வந்தது. நேரம், 15 விநாடி.

லேப்டாப்பிலிருந்து புயல் வரை

இது ஒரு கல்லூரி புராஜெக்ட்டின் கதை மட்டுமல்ல. நம் போனில் வரும் புயல் எச்சரிக்கைக்குப் பின்னாலும் இதே கம்பைல், இதே லிங்க், இதே செய்திப் பரிமாற்றம் இருக்கிறது.

உலகம் முழுக்கப் பயன்படும் டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மென்பொருளை நிறுவும்போது, அது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, `தனியாகவா, செய்தி பரிமாறிக்கொண்டா?' என்பதுதான். புயலின்போது கடல் எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் ஆட்சர்க் மென்பொருளிலும் எம்.பி.ஐ-யோடு லிங்க் செய்யும் தனி வடிவம் உண்டு. ஓட்டுவதற்கு முன் கடற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள்.

ஏன் இவ்வளவு பேர் வேண்டும்? கணக்கு எளிது. 12 கிலோமீட்டர் கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தால், நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பாகி, கட்டங்கள் நான்கு மடங்காகும். கட்டம் சிறிதானால் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். மொத்தத்தில் வேலை எட்டு மடங்கு. நாளைய வானிலையை நாளை மறுநாள் சொல்லி என்ன பயன்?

இந்த வேலைக்காக 2018 ஜனவரியில் புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2024 செப்டம்பரில் அதே ஊர்களில் அர்கா, அருணிகா வந்தன. 2025 மே மாதம், 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது.

இதற்கெல்லாம் முன்னோடி, 1988-ல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991-ல் உருவாக்கிய பரம் 8000. அதுவும் செய்தி பரிமாறிக்கொள்ளும் கணினிதான். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில், 2004-ல் 144 கணினிகளைக் கோத்து `கப்ரு' என்ற கணினித் தொகுதியை உருவாக்கினார்கள். உலகின் டாப் 500 பட்டியலிலும் அது இடம்பிடித்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஃபெஞ்சல் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த புயல், நகராமல் புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்கில் நின்றது. 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. வெள்ளத்தில் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்டது. `புயல் எங்கே கடக்கும்?' என்பதோடு, `எவ்வளவு நேரம் நிற்கும்?' என்ற கேள்வியும் எவ்வளவு முக்கியம் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது கரைக்கு வந்து சேரவும் வேண்டும். தேங்காய்த்திட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினம் இதற்கு ஒரு முன்னுதாரணம். 1990-களின் இறுதியில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியின் விடை, மீனவர் காதுக்கு வந்த கடைசி இணைப்பு அந்த ஒலிபெருக்கி. இன்று ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பும், மீன்வளம் இருக்கக்கூடிய பகுதிகளின் அறிவிப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

நீங்களும் முயலலாம்!

வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், சூப்பர் கம்ப்யூட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். உபுண்டு லினக்ஸ் உள்ள சாதாரண லேப்டாப் போதும்.

* ஓப்பன்எம்பிஐ-பின், லிப்ஓப்பன்எம்பிஐ-டெவ் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவுங்கள். இரண்டாவதை மறந்தால் தலைப்புக் கோப்பு கிடைக்காது.

* `விச்' கட்டளையால் எம்பிஐசிசியும் எம்பிஐரன்னும் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். கம்பைல் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

* முதல் புரோகிராம் எதுவாக இருந்தாலும், `நான் எத்தனையாவது, மொத்தம் எத்தனை' என்று சொல்லும் வரி அதில் இருக்கட்டும்.

* லேப்டாப்பில் இரண்டு கோர்தான் இருக்கிறது, நான்கு புராசஸ் கேட்டால் `இடமில்லை' என்கிறதா? ஓப்பன் எம்பிஐ-யில் `--ஓவர்சப்ஸ்கிரைப்' என்று சேர்த்தால் ஓடும். பழகிப் பார்க்க இது போதும், வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

* ஒரு புராசஸில் எவ்வளவு நேரம், நான்கில் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் குறித்து வையுங்கள். கொஞ்சமும் குறையவில்லை என்றால், விடை சரியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

நான் கிளம்பும்போது மகள் புராஜெக்ட் அறிக்கையில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். நடந்த தவற்றையும், கண்டுபிடித்த விதத்தையும் அப்படியே எழுதுகிறாராம். ``மறைச்சா மார்க் வரும். எழுதினா அடுத்த வருஷம் ஜூனியருக்கு ஒரு வாரம் மிச்சம்'' என்றார்.

அப்பா வாசல்வரை வந்தார். ``ஜூன் 15 கடலுக்குப் போறோம் தம்பி. மொதல்ல செட்டை ஆன் பண்ணி, எல்லா போட்டையும் பேரு சொல்லிக் கூப்புட்டுப் பார்ப்போம். எல்லாரும் பதில் சொன்னாத்தான் வண்டி எடுப்போம்'' என்றார்.

உள்ளேயிருந்து மகளின் குரல். ``அதைத்தான்ப்பா நானும் முதல் வரியில எழுதி வெச்சிருக்கேன்!''